ஏற்புக்கு முந்தைய கணம்: சர்வர் ஹூக்குகளின் வரலாறு

பலர் கூடி எழுதும் மென்பொருளில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும், அதைச் செய்தவர், செய்த நேரம், காரணம் ஆகிய விவரங்களோடு காத்துவைப்பது பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதன் பொதுக் களஞ்சியம் இருக்கும் சர்வரில், வந்துசேரும் மாற்றத்தைச் சோதிக்கும் சிறுநிரல் ஹூக் எனப்படும். அமைப்பு தன் பணியின் குறித்த கட்டத்தில் நின்று இந்நிரலை இயக்கும். நிரல் சுழியம் அல்லாத எண்ணுடன் முடிந்தால் மாற்றத்தை மறுக்கும். எதை ஓர் அலகாகக் கொண்டு, எக்கணத்தில் சோதிப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளே இந்நிரல்களின் வரலாறு.

பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972இல் தொடங்கிய எஸ்.சி.சி.எஸ்., பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர்.சி.எஸ். ஆகிய இரண்டிலும் கோப்புக்குக் கோப்பு அனுமதிப் பட்டியல் வைக்க இயன்றது. ஆயினும் அப்பட்டியல் மாற்றுபவர் யார் என்று பார்த்ததே தவிர, மாற்றம் எத்தகையது என்று பார்க்கவில்லை. டிக் க்ரூனின் ஷெல் நிரல்களிலிருந்து வளர்ந்த சி.வி.எஸ்., கமிட்இன்ஃபோ என்னும் அமைவுக் கோப்பின் வழியே, நிர்வாகி எழுதிய நிரலைக் கொண்டு உள்ளடக்கத்தையும் சோதிக்க இடமளித்தது. ஆனால் அந்நிரல் அடைவுக்கு ஒருமுறை தனித்தனியே இயங்கியதால் முழு மாற்றத்தையும் ஒருசேரக் காணவில்லை. பதிவும் கோப்பு கோப்பாகவே நடந்ததால், இடையில் தடைப்பட்டால் மாற்றம் பாதியில் நின்றுவிடும்.

2000இல் கொலாப்நெட் நிறுவனம் தொடங்கி 2004இல் முதல் முழுப் பதிப்பைக் கண்ட சப்வெர்ஷன், முழுமையாக நிகழும் அல்லது நிகழவே நிகழாத பரிவர்த்தனையாகக் கமிட் எனப்படும் பதிவை அமைத்து இக்குறையைப் போக்கியது. ப்ரீ-கமிட் ஹூக், இன்னும் உறுதியாகாத அப்பரிவர்த்தனையை எஸ்.வி.என்.லுக் என்னும் கருவியால் ஆராய்ந்து தீர்ப்பளிக்கும்; அதைத் தானே திருத்துவது தகாது, ஏனெனில் அத்திருத்தம் அனுப்பியவரின் கணினிக்குத் தெரியவராது. பதிவுக்குறிப்பைப் பின்னர் மாற்றினால் பழைய குறிப்பு அழிந்துவிடும் என்பதால், அதற்கென ஒரு ஹூக்கை நிர்வாகி நிறுவினாலொழிய அம்மாற்றமே அனுமதிக்கப்படவில்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய கிட் அமைப்பில் கமிட் அவரவர் கணினியிலேயே நிகழ்கிறது. அங்குள்ள ஹூக்கை அவரே தவிர்த்துவிடலாம் என்பதால், கமிட்டுகளைச் சர்வருக்கு அனுப்பும் புஷ் என்னும் கட்டமே உறுதியான சோதனைக்கு உரிய இடமாயிற்று. அங்கு இயங்கும் அப்டேட் ஹூக், கிளை எனப்படும் தனித்து வளரும் கமிட் தொடரின் பெயர், அக்கிளை சுட்டிய பழைய கமிட், சுட்டவிருக்கும் புதிய கமிட் ஆகிய மூன்றையும் பெறுகிறது. புதியது பழையதன் வழித்தோன்றலா, அன்றிப் பழைய வரலாறு திருத்தி எழுதப்பட்டுள்ளதா என்பதை இம்மூன்றைக் கொண்டே அறியலாம். ஆனால் அது கிளைக்கு ஒருமுறை இயங்குவதால், ஒரே புஷ்ஷில் ஒரு கிளை ஏற்கப்பட்டு மற்றொன்று மறுக்கப்படலாம். 2007இல் வந்த ப்ரீ-ரிசீவ் ஹூக் அனைத்துக் கிளைகளையும் ஒருசேரப் பெற்று, முழு புஷ்ஷையும் ஏற்கவோ மறுக்கவோ செய்தது. எனினும் கிளைவாரி அனுமதிக்கு அப்டேட் ஹூக்கே பொருத்தமாயிருந்தது. 2009இல் தோன்றிய கிட்டோலைட் அதன்மீதே தன் அனுமதி விதிகளை எழுப்பியது.

மறுக்கப்பட்ட புஷ்ஷின் தரவுகள் சர்வரில் தங்கிவிடும் குறை 2016இல் வெளிவந்த கிட் 2.11ஆம் பதிப்பு வரை நீடித்தது. அப்பதிப்பு, ப்ரீ-ரிசீவ் சோதனை முடியும்வரை அவற்றைத் தற்காலிக அடைவில் ஒதுக்கிவைத்து, மறுக்கப்பட்டால் அழித்தது. அப்டேட் ஹூக்கோ தரவுகள் முதன்மைக் கிடங்குக்குள் நுழைந்த பின்னரே இயங்குவதால் அக்காப்பைப் பெறவில்லை. கடவுச்சொல், தனிவிவரம் போன்றவை களஞ்சியத்துள் தங்கவே கூடாது எனக் கருதும் வடிவமைப்பாளர் அவ்விதியை ப்ரீ-ரிசீவிலும், யார் எக்கிளையைத் தொடலாம் என்னும் விதியை அப்டேட்டிலும் வைப்பதே முறை. விதி எவ்வளவு சரியானதாயினும், அது தவறான கட்டத்தில் இயங்கினால் களஞ்சியத்தைக் காக்காது.