சிகிரியாவும் வடக்குப் பாதையும்: மாத்தளை மாவட்டத்தில் ஒளிப்படக் கண்ணின் வரலாறு (1870–2023)

மாத்தளை மாவட்டத்தின் மிகப் பழைய ஒளிப்படங்களைத் தேடுபவர் முதலில் போய்ச் சேரும் பெயர் ஜோசப் லோட்டன். ஆங்கிலேயரான அவர் 1866 அளவில் இலங்கைக்கு வந்தார். கண்டியில் ஏற்கெனவே நடந்துவந்த ஒரு படப்பிடிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். ஆளுநர் சேர் ஹேர்குலிஸ் ரொபின்சன் காலத்தில், 1868இல், தொல்பொருட் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமாக்கும் பணியை அந்தக் குழு லோட்டனிடம் ஒப்படைத்தது. 1870–71இல் அவர் அதைச் செய்து முடித்தார். பிறகு உடல்நலம் கெட்டு நாடு திரும்பி, 1872இல் இறந்தார். ஆறே ஆண்டுகள் நீடித்த தொழில் வாழ்க்கையில் அவர் விட்டுச்சென்ற தொல்லியல் படங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் எடுக்கப்பட்டவற்றுள் மிகச் சிறந்தவை என்று நான் கருதுகிறேன்.

லோட்டனை வியப்பதோடு இந்தக் கட்டுரை நின்றுவிட முடியாது. அவர் சிகிரியாவுக்குப் போன அதே ஆண்டுகளில், அந்தப் பாறைக்குச் சில மணி நேர நடைத் தூரத்தில், தமிழகத்திலிருந்து வந்த மக்கள் தம்புள்ளை வழியாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கண்டியிலிருந்து சிகிரியாவுக்குச் செல்பவருக்கும் இயல்பான வழி மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை என்று போகும் வழிதான். பாறை ஒளிப்பட வரலாற்றில் இடம்பெற்றது. அந்தப் பாதையும் அதில் நடந்தவர்களும் ஏன் இடம்பெறவில்லை என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

முதல் காரணம் கருவியில் இருக்கிறது. லோட்டன் பயன்படுத்தியது ஈரத்தட்டு முறை. 1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை இது. கண்ணாடித் தட்டின்மேல் கொலோடியன் கரைசலை ஊற்றிப் பரப்ப வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் குளியலில் தோய்த்தெடுத்து, ஈரம் காயும் முன்பே கமராவில் பொருத்தி, ஒளி பட வைத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். வறண்ட வலயத்து வெயிலில் அந்த ஈரம் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. பெரிய கமரா, கண்ணாடித் தட்டுகள், மருந்துக் குப்பிகள், கூடாரம், தண்ணீர் என்று எல்லாவற்றையும் காட்டு வழியே சுமந்துபோக ஆட்கள் வேண்டும். ஒளி படும் நேரம் பல விநாடிகள் என்பதால் நடக்கிற மனிதன் தட்டில் வெறும் மங்கலாக நிற்பான், அல்லது இல்லாமலே போவான். அசையாத பாறைக்கு ஏற்ற கருவி அது.

இந்தக் கட்டுப்பாட்டைத் தன் பாணியாகவே ஆக்கிக்கொண்டது லோட்டனின் திறமை. அவர் இடிபாடுகளைத் தனியே பிரித்தெடுத்து அளவெடுப்பதுபோலக் காட்டுவதில்லை. கல்லைக் காட்டோடு சேர்த்தே பார்க்கிறார். முன்னால் ஒரு புதர், இடையில் சரிந்த தூண், பின்னால் இலைகளில் உடைந்து சிதறும் வெளிச்சம் என்று படத்தை ஆழப்படுத்துகிறார். கற்செதுக்கல் ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரிகிறது. ஆனாலும் படத்தின் உணர்ச்சி அந்தக் கூர்மையிலிருந்து வருவதில்லை, வேரும் கொடியும் கல்லை மெதுவாக விழுங்குவதிலிருந்து வருகிறது. ஆங்கிலேய நிலக்காட்சி ஓவிய மரபில் ஊறிய கண் இது. அந்தக் கண் இலங்கையின் காட்டுக்குள் தனக்கொரு புதிய மொழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அவர் படங்கள் பலவற்றில் ஒரு மனிதர் இருக்கிறார். கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தோ, தூணில் சாய்ந்தோ, அசையாமல். தூணின் உயரம் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தப்பட்டவர் அவர். முகம் தெரிந்தாலும் பெயர் கிடையாது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படங்களைப் பார்க்கும்போது என் கண் தூணைவிட்டு அவரிடமே போகிறது.

இனிப் பாதைக்கு வருவோம். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்துபோனார்கள். ஆங்கில ஆவணங்களில் அதற்கு வடக்குப் பாதை என்று பெயர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் ஆட்களைக் கொன்றன. 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டார்கள் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. அந்த எண்ணிக்கை சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள், சாவுகள் ஏராளம் என்பதில் அவர்களுக்குள் வேறுபாடில்லை. 1870 என்பது கோப்பியின் உச்சக் காலம். கோப்பியை அழிக்கப்போகும் இலைத்துரு நோய் முந்திய ஆண்டுதான் தீவில் கண்டறியப்பட்டிருந்தது. ஆள் வரத்து குறையவில்லை.

இரண்டாவது காரணம் பணியைக் கொடுத்தவரின் நோக்கம். இடிபாடுகளைப் பதிவு செய்ய அரசு ஒரு குழு அமைத்தது, பணம் ஒதுக்கியது. மாத்தளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ஜொனதன் போர்ப்ஸ், 1831இல் தாம் பார்த்த சிகிரியாவை 1840இல் வெளியான நூலில் எழுதிய நாளிலிருந்து அந்தப் பாறைமேல் ஆட்சியாளருக்கு ஓர் ஆர்வம் வளர்ந்துவந்தது. பாதையில் நடப்பவர்களைப் படமாக்கச் சொல்லி எந்தக் குழுவும் லோட்டனை அனுப்பவில்லை. அவர்கள் அரசுக்கு எண்களாகவே வேண்டியிருந்தார்கள்: இறங்கியவர் இத்தனை, திரும்பியவர் இத்தனை.

இந்த இரண்டு வரலாறுகளும் ஒருமுறை நேராகத் தொட்டுக்கொண்டன. 1889இல் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த அலிக் மறே சிகிரியா ஓவியங்கள் உள்ள பாறைக் குடைவுக்கு ஏற முயன்றார். பாறையில் பேய் இருக்கிறது என்று அஞ்சி ஊரார் உதவிக்கு வரவில்லை என்றும், தமிழ்க் கல்லுடைப்பாளர்கள்தான் பாறையில் ஒவ்வொன்றாகத் துளையிட்டு இரும்புக் கம்பிகளை இறுக்கி ஏறும் வழி அமைத்தார்கள் என்றும் அந்த முயற்சி பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. அவர்கள் அமைத்த வழியில் ஏறி மறே ஓவியங்களின் மேல் தாள் வைத்துப் பிரதி எடுத்தார். 1890களில் தொல்லியல் ஆணையாளர் எச். சீ. பி. பெல் அகழாய்வைத் தொடங்க, டி. ஏ. எல். பெரேரா அந்த ஓவியங்களில் உள்ள பெண்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். உலகம் இன்று அறிந்திருக்கும் சிகிரியா அழகிகளிடம் நவீன காலத்தில் முதல் வழி போட்ட கைகள் தமிழ்த் தொழிலாளரின் கைகள். மாத்தளை மாவட்டப் பாடசாலைகளில் இது கற்பிக்கப்பட வேண்டிய செய்தி.

லோட்டனுக்குப் பின் மனிதர்கள் படத்துக்குள் வந்தார்கள். ஆனால் எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். டபிள்யூ. எல். எச். ஸ்கீன் நிறுவனம், கண்டியில் தொழில் நடத்திய சார்ள்ஸ் ஸ்கோவன், 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் ஆகியவை தோட்டங்களுக்குள் கமராவைக் கொண்டுபோயின. கொழுந்து பறிப்பவர்கள், கூடையோடு வரிசையில் நிற்பவர்கள், நகை அணிந்த தமிழ்ப் பெண் என்று படங்கள் பெருகின. பயணிகள் வாங்கி ஆல்பத்தில் ஒட்டினார்கள், தபாலட்டையாக உலகெங்கும் அனுப்பினார்கள். படத்தின் அடியில் ‘தமிழ்க் கூலிகள்’ என்பது போன்ற ஒரு சொல்தான் இருக்கும். மறே 1889இல் ஏறியபோது உலர்தட்டு புழக்கத்துக்கு வந்து, அசைவை ஓரளவு பிடிக்க முடிந்த காலம். ஆகவே கருவியை இனிக் குற்றம் சொல்ல முடியாது. வேலை செய்யும் நிலையில் நிறுத்தி, அடுக்கி, வகைப்படுத்திப் பார்க்கும் பழக்கமே அங்கே ஆண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு வருபவர் கழுத்தில் எண் பொறித்த தகரத் துண்டு தொங்கியதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். ஆளை அடையாளம் காண முகம் தேவைப்படவில்லை, எண் போதுமாயிருந்தது.

1925இல் லைக்கா கமரா விற்பனைக்கு வந்தபின் தெருவில் படமெடுக்கும் கலை உலகெங்கும் பரவியது. சட்டைப் பைக்குள் அடங்கும் கருவி, சுருள் படலம், ஒரு விநாடியின் சிறு கூறில் ஒரு படம். ஜப்பானில் கிமுரா இஹெய் (1901–1974) லைக்காவோடு தோக்கியோவின் எளிய மக்கள் வாழும் தெருக்களில் இறங்கினார். அவரைவிட ஓராண்டு மூத்தவர் நம் லயனல் வென்ட் (1900–1944). வழக்கறிஞர், பியானோக் கலைஞர், 1930களில் கமராவைக் கையிலெடுத்தவர். 1934இல் பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தார். 1938இல் லண்டனில் தனிக் கண்காட்சி வைத்தார். 1943இல் ‘43 குழு’ என்ற ஓவியர் அமைப்பு உருவாவதற்கு முன்னின்றார். அவர் இறந்தபின் 1950இல்தான் அவர் படங்கள் நூலாக வந்தன. கிமுராவுக்குத் தெரு ஒரு நாடக மேடைபோல இருந்தது: யார் எப்போது நுழைவார் என்று தெரியாது, காத்திருந்து பிடித்தார். வென்ட்டின் நாட்டம் வேறு. உடலின் வடிவம், தோலில் விழும் ஒளி, கண்டிய நடனத்தின் வளைவு, இருட்டறையில் செய்யும் மாற்றங்கள் ஆகியவற்றிலேயே அவர் மனம் தங்கியது. அவர் மேதை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் மலையகத்துத் தெருவுக்கு ஒரு கிமுரா கிடைக்காமல் போனதை எண்ணி வருந்துகிறேன்.

ஒரு நெடுஞ்சாலையைக் கமரா என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்னொரு ஜப்பானியரைப் பார்க்கலாம். 1938இல் ஒசாக்கா அருகே இக்கேதாவில் பிறந்த மொரியாமா தைதோ, 1960களின் இறுதியில் ஜப்பானின் நெடுஞ்சாலைகளில் கார் ஏறிச் சுற்றினார். ஓடும் வண்டியின் கண்ணாடி வழியாகவும் எடுத்தார். 1972இல் ‘வேட்டைக்காரன்’ என்ற பெயரில் அந்தப் படங்கள் நூலாயின. கரடுமுரடான புள்ளிகள், ஆடிப்போன கோடுகள், குவியம் தவறிய உருவங்கள்: மற்றவர்கள் பிழை என்று குப்பையில் போடுவதை அவர் பாணியாக ஏற்றார். ‘புரோவோக்’ என்ற இதழைச் சுற்றித் திரண்ட அந்தத் தலைமுறைக்கு, போருக்குப் பின் வேகமாக மாறிக்கொண்டிருந்த நாட்டைத் தெளிவான படத்தில் சொன்னால் பொய்யாகிவிடும் என்ற எண்ணம் இருந்தது. 1971இல் மிசாவாவில் அவர் எடுத்த தெருநாயின் படம் இன்றும் அவருடைய அடையாளம். லோட்டனின் தட்டில் நடப்பவன் மங்கலானதால் விலக்கப்பட்டான். நூறு ஆண்டு கழித்து மொரியாமா அந்த மங்கலிலேயே மனிதனைக் கண்டார். வடக்குப் பாதையைப் படமாக்கியிருக்கக்கூடிய பாணி ஒன்று உண்டென்றால் அது மொரியாமாவின் பாணிதான்.

இனி மாத்தளைக்குத் திரும்புவோம். லோட்டனுக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்த நகரம் மாறியது. 1874இல் முத்துமாரியம்மன் கோவில் எழுந்தது. 1880இல் கண்டியிலிருந்து புகையிரதம் வந்தது. நூற்றாண்டின் இறுதியில் வடக்குப் பாதை மூடப்பட்டது, 1914இல் தலைமன்னார் வழி ரயிலும் கப்பலும் இணைந்தன. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிக்கு வரும்போது உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களிலிருந்தும் சனம் இறங்கி வரும். கூட்டத்தையும் முகங்களையும் விரும்பும் ஓர் ஒளிப்படக்காரர் ஆயுள் முழுக்க எடுத்தாலும் தீராத வீதி அது. 1983 ஜூலை வன்முறையில் அந்தக் கோவிலும் தாக்கப்பட்டது.

தோட்ட மக்களில் பலரது முகத்தை அவர்களுக்காகவே கமரா முதன்முதலாக எடுத்தது இன்னொரு சூழலில். 1948இல் அவர்களின் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள், எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். தோட்டத்துக் குடும்பங்கள் நகரத்துப் படப்பிடிப்பு நிலையங்களுக்கு வந்தன. எண்ணெய் வைத்து வாரிய தலை, இருப்பதில் நல்ல சேலை, கமராவை நேராகப் பார்க்கும் கண்கள். ஒளிப்படக் கலை வரலாற்றில் எவரும் இவற்றைக் கலை என்று குறித்ததில்லை. லோட்டனின் தூணருகே உட்கார்ந்தவருக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு இருக்கிறது: படத்தோடு சேர்த்து எழுதப்பட்ட பெயர். பிரிந்துபோவதற்காக எடுக்கப்பட்ட படமே பல வீடுகளில் பாட்டன் பாட்டியின் ஒரே படமாக மிஞ்சியிருப்பது என்னை மிகவும் வருத்துகிறது.

2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை முன்னிட்டு, ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மூதாதையர் நடந்த திசையிலேயே நடந்தார்கள். வழியோரத்தில் சிங்கள, முஸ்லிம், தமிழ் மக்கள் நின்று வரவேற்றார்கள். நடந்தவர்களின் கைபேசிகளும் கூடவந்த கமராக்களும் ஒவ்வொரு நாளையும் பதிவு செய்தன. நடப்பவரே எடுத்த படம், நடப்பவரின் பெயரோடு. லோட்டனின் தட்டில் விழாத பாதை 152 ஆண்டுகளுக்குப் பின் அதில் நடந்தவர்களின் பிள்ளைகளால் படமாயிற்று என்பதை இந்த மாவட்ட ஒளிப்பட வரலாற்றின் மிகப் பெரிய நிகழ்வாக நான் மதிப்பிடுகிறேன்.

லோட்டனின் படங்கள் லண்டனில், குளிரூட்டிய அறைகளில், பத்திரமாக இருக்கின்றன. கடவுச்சீட்டுப் படங்களும், மூடிப்போன நகரத்து நிலையங்களின் எதிர்மறைப் படலங்களும், தேர்த் திருவிழாப் படங்களும் லயத்து அறைகளின் தகரப் பெட்டிகளில் ஈரம் ஏறிக் கொண்டிருக்கின்றன. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. மாத்தளைப் பாடசாலை ஆசிரியர்களும் கோவில் பரிபாலன சபைகளும் தோட்டத் தலைவர்களும் இந்த முயற்சிகளோடு சேர்ந்து, வீடு வீடாக இருக்கும் பழைய படங்களைப் பிரதி எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதை, அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பின்பக்கம் எழுதிவையுங்கள்.