தனியா பாட முடியாத பாட்டு: லிதுவேனியாவின் 'சுதார்த்தினேஸ்' பிழைத்தது எப்படி?

ஒரு நாட்டுப்புறப் பாட்டைக் காப்பாற்ற, அது தெரிந்த ஒருவரைப் பாட வைத்து பதிவு செய்தால் போதும் என்று தோன்றும். ஆனால் லிதுவேனியாவின் 'சுதார்த்தினேஸ்' பாடல்களுக்கு அது போதாது. காரணம், இதைத் தனி ஆளாகப் பாடவே முடியாது!

சுதார்த்தினேஸ் என்றால் என்ன?

வடகிழக்கு லிதுவேனியாவின் ஆவுக்ஷ்டைத்தியா பகுதியைச் சேர்ந்த பழமையான கூட்டுப் பாடல்கள் இவை. 'ஒத்துப்போவது' என்ற பொருள் கொண்ட சொல்லில் இருந்து இந்தப் பெயர் வந்தது. பெரும்பாலும் பெண்கள்தான் பாடுவார்கள். அறுவடை, திருமணம், போர் என எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. ஆண்கள் இதே இசையை மரக்குழல்கள், நீண்ட மர ஊதுகொம்புகளில் வாசிப்பார்கள்.

எப்படிப் பாடுகிறார்கள்?

மெட்டு ரொம்ப எளிமை. இரண்டு முதல் ஐந்து சுரங்கள், அவ்வளவுதான். ஆனால் குரல்கள் சேரும் விதம்தான் விசேஷம். கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை ஒன்றாக அழுத்தினால் கேட்கும் உரசல் சத்தம்தான் இதன் உயிர். நன்றாகப் பாடினால் மணி அடிப்பதுபோல அதிரும்.

மூன்று பேர் பாடும் வகையில், முதல் பெண் வரியை முடித்து பல்லவிக்குப் போகும்போது அடுத்தவர் வரியைத் தொடங்குவார். மூன்றாமவர் தொடங்கும்போது முதலாமவர் நிறுத்திவிடுவார். எப்போதும் இரண்டு குரல்தான் ஒலிக்கும். ஒருவர் தடுமாறினாலும் மொத்தப் பாட்டும் குலைந்துவிடும்.

ஏன் அழியும் நிலைக்கு வந்தது?

19-ம் நூற்றாண்டின் இறுதியில் கிராம வாழ்க்கை மாறியது. காதுக்கு இதமான புதுப் பாணிப் பாடல்கள் பரவின. பழைய உரசல் ஓசை பலருக்குப் பிடிக்காமல் போனது. கூடப் பாடிய ஜோடி இறந்துவிட்டால், மிஞ்சியவருக்குப் பாட்டு தெரிந்தும் பயனில்லை.

ஆய்வாளர்கள் முதியவர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்தார்கள். அப்படித் திரட்டியவற்றை ஜெனோனாஸ் ஸ்லாவியூனாஸ் 1958-59-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பாட்டு புத்தகத்துக்குள் பத்திரமாகிவிட்டது. பாடத்தான் ஆள் இல்லை!

குழுக்கள் செய்தது என்ன?

அப்போது நாடு சோவியத் ஆட்சியில் இருந்தது. மேடைக்காக மெருகேற்றிய நாட்டுப்புறக் கலைக்கே முன்னுரிமை. 1960-களின் பிற்பகுதியில் இருந்து கிராமத்துப் பாணியை அப்படியே பாட விரும்பிய குழுக்கள் உருவாயின. தங்கள் அடையாளத்தைத் தேடிய இளைஞர்கள் இதில் சேர்ந்தார்கள்.

இசை ஆய்வாளர் தைவா ரச்யுனைத்தே-விசினியெனே தலைமையிலான 'திரிஸ் கெதுரியோசே' குழு, சுதார்த்தினேஸ் பாடல்களுக்காகவே இயங்குகிறது. இத்தகைய குழுக்களுக்குப் பழைய பதிவுகளும் புத்தகங்களும்தான் ஆசான்கள். ஏட்டில் உள்ள மெட்டை, பக்கத்தில் நிற்பவரின் குரலோடு உரசிப் பழகினால்தான் அது பாட்டாகும்.

இப்போ என்ன நிலை?

2010-ல் யுனெஸ்கோ, மனிதகுலத்தின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சுதார்த்தினேஸைச் சேர்த்தது. வயல்வெளியில் ஒலித்த பாட்டு இன்று பெரும்பாலும் விழாக்களிலும் கச்சேரிகளிலும் கேட்கிறது.

ஆனால் அங்கீகாரம் மட்டும் பாட்டைக் காப்பாற்றாது. ஒலிப்பதிவு மெட்டைச் சொல்லும்; எப்போது நுழைவது, எப்போது நிறுத்துவது என்பது சேர்ந்து பாடினால்தான் பிடிபடும். அதற்கு, குறைந்தது இன்னொருவராவது பக்கத்தில் வேண்டும்.