கீத் செங்: தோல் நிற மரபியல் ஆய்வுகள்

கீத் செங் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர், மரபியல் ஆய்வாளர். பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷியில் உள்ள பென் ஸ்டேட் மருத்துவக் கல்லூரியில் இவர் வழிநடத்திய குழு, ஐரோப்பியர்களின் வெளிர்நிறத் தோலுக்கு முக்கியக் காரணமான எஸ்.எல்.சி.24ஏ5 மரபணுவை 2005இல் அடையாளம் கண்டது. இத்தனைக்கும் செங் ஆய்வில் இறங்கியது புற்றுநோயைப் புரிந்துகொள்ளத்தான்.

சியாட்டிலில் லாரன்ஸ் லோபின் குழுவில் இருந்தபோது, சேதமடைந்த டி.என்.ஏ. எழுத்துகள் பிறழ்வுகளை எப்படி உண்டாக்குகின்றன என்று ஆராய்ந்தார். பிறகு வரிக்குதிரை மீனுக்கு மாறினார். இந்தியத் துணைக்கண்டத்து நீர்நிலைகளில் வாழும் சிறிய மீன் அது. அதை ஆய்வக உயிரியாக்கியவர் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். அவர் பயன்படுத்திய 'கோல்டன்' என்னும் வெளிர்நிற வகை செங்குக்குக் கைகொடுத்தது. கோல்டன் மரபணுவின் இயல்பான பிரதி ஒன்றும் பிறழ்ந்த பிரதி ஒன்றும் கொண்ட மீன் குஞ்சின் கண் கருமையாகவே இருக்கும். ஒரு செல் அந்த இயல்பான பிரதியை இழந்துவிட்டால், அதன் வழிவந்த செல்கள் கருங்கண்ணில் வெளிறிய திட்டாகத் தெரியும். புற்றுநோய்க்கு வழிவகுக்கும் விதத்தில் மரபணுத்தொகை நிலைகுலையும் மீன்களை, இப்படி அவற்றின் கண்ணைப் பார்த்தே பொறுக்கிவிடலாம்.

கோல்டன் மரபணு எது என்ற கேள்வி இந்த வேலையின் துணைவிளைவு. நுண்ணோக்கியில் கோல்டன் மீனின் மெலனின் பைகள் எண்ணிக்கையில் குறைந்தும் சிறுத்தும் வெளிறியும் காணப்பட்டன. ஐரோப்பியத் தோலை ஆப்பிரிக்கத் தோலுடன் ஒப்பிட்டாலும் இதே வேறுபாடுதான். இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்காமல் பின்தொடர்ந்ததே செங்கின் பெருமை. கோல்டன் மீனில் புரத உற்பத்தியைப் பாதியில் நிறுத்தும் பிறழ்வு இருந்தது. பாதிக்கப்பட்ட புரதம் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளை இடம்மாற்றுவது. அதற்கு இணையான மனித மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வைக் கோல்டன் கருக்களுக்குள் செலுத்தியபோது அவற்றின் நிறமிச் செல்கள் கருத்தன. பரிணாமத்தில் வெகுதூரம் விலகிப்போன இரண்டு உயிர்களுக்கும் ஒரே மரபணு பொருந்தியது.

மனிதர்களில் வேறுபாடு எங்கே என்று தேடியபோது ஒரே ஓர் எழுத்து அகப்பட்டது. 'ஜி' இருந்த இடத்தில் 'ஏ'. இதனால் புரதத்தின் 111ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் த்ரியோனின் அமர்கிறது. சோதித்த ஐரோப்பிய வம்சாவளியினரில் புதிய வடிவத்தின் விகிதம் 98.7 முதல் 100 சதவீதம். ஆப்பிரிக்கர்களிடமும் கிழக்காசியர்களிடமும் பழைய வடிவமே மிகப் பெரும்பான்மை. ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் இடையிலான நிற வேறுபாட்டில் 25 முதல் 38 சதவீதத்தை இந்த எழுத்து விளக்குவதாகக் குழு கணித்தது. கட்டுரை 2005 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. முதல் ஆசிரியர் ரெபெக்கா லமசன். கிழக்காசியர்களின் வெளிர்நிறம் தனி வழியில் உருவானது என்பதும் இதிலிருந்தே தெளிவாயிற்று. மனிதரை நிறத்தால் தரம் பிரித்த கோட்பாடுகள் எவ்வளவு ஆட்டம்கண்ட அடித்தளத்தில் நின்றன என்பதை, 300 கோடி எழுத்துகளில் ஒன்றான இது அழுத்தமாகக் காட்டுகிறது.

செங்கின் கண்டுபிடிப்பைப் பிறர் நம் நாட்டிலும் சோதித்தார்கள். ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் எஸ்தோனிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியர் 1,228 பேரின் தோல் நிறத்தை அளந்தது. அவர்களிடையே உள்ள நிற வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்துக்கு இந்த எழுத்தே காரணம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் காணப்படும் 'ஏ' ஒரே மூலத்திலிருந்து வந்தது என்றும் அந்த ஆய்வு நிறுவியது.

செங்கின் ஆர்வம் நிறத்தோடு நின்றுவிடவில்லை. முழு வரிக்குதிரை மீனையும் செல் அளவுத் துல்லியத்தோடு முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே முறையை இவருடைய குழு 2019இல் வெளியிட்டது.

நிற ஆய்வில் கிழக்காசிய வெளிர்நிறத்தின் காரணம் மட்டும் விடுபட்ட கேள்வியாகவே இருந்தது. கிழக்காசியரோடு மூதாதையரைப் பகிரும் அமெரிக்கப் பழங்குடியினரிடம் விடை கிடைக்கலாம் என்று கருதி, கரீபியன் தீவான டொமினிக்காவின் கலினாகோ மக்களை இவர் குழு அணுகியது. 2023இல் வெளியான அந்த ஆய்வில் 458 பேர் பங்கேற்றனர். அவர்களுள் மூவருக்கு வெண்தோல் நிலை (அல்பினிசம்) இருந்தது. அதற்குக் காரணம் ஓ.சி.ஏ.2 என்னும் வேறொரு மரபணு, அதுவும் ஆப்பிரிக்க மூதாதையர் வழி வந்த பிறழ்வு. பழங்குடி வம்சாவளி தன்னளவிலேயே தோல் நிறத்தை 20 மெலனின் அலகுகளுக்கு மேல் குறைப்பது உறுதியானது. அதைச் செய்யும் மரபணு வடிவங்களை அந்த ஆய்வால் அடையாளம் காண முடியவில்லை. முன்பு சந்தேகிக்கப்பட்டவை எதுவும் கலினாகோ மக்களின் நிறத்தை மாற்றுவதாகத் தெரியவில்லை.