ஆச்சியின் உள்பாவாடை

சிவகிரியில் என் ஆச்சிக்கு ஓர் உள்பாவாடை இருந்தது. அதில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட மதிய உணவுக்கு வந்த மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்தது அது. எத்தனை வெளுப்பு வெளுத்தும் அந்த மை போகவில்லை என்பாள் அம்மா. அமெரிக்க உதவிப் பொருள்களின் முத்திரை அது. எழுத்தறியாத ஆச்சி அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்று நட்டாள்.

காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பு பால்பவுடரும் தானியமும் எண்ணெயும் கொடுத்தது. அம்மாவுக்கு இன்றும் மக்காச்சோள உப்புமா என்றால் பள்ளிக்கூட வாசம்தான். அந்த ருசியை நான் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டில் உலை ஏறாத நாளில் அவள் வயிற்றுக்குள் போனது அதுதான். ஆனால் கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோதுமையைக் கொண்டுவந்த பி.எல். 480 சட்டம் 1954இல் பிறந்ததற்கு நம் பசி மட்டும் காரணமில்லை. அமெரிக்கக் கிடங்குகளில் விலைபோகாமல் தேங்கிக் கிடந்த உபரிக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

1965இலும் 1966இலும் மழை பொய்த்தது. அப்போது குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுமையை அவிழ்த்தார். விவசாயக் கொள்கையை மாற்று, மக்கள்தொகையைக் குறை என்பவை அந்தக் கயிற்றின் முடிச்சுகள். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் போடும் ஐந்து டாலருக்கும் குறைவான பணம், பொருளாதார வளர்ச்சியில் போடும் நூறு டாலருக்குச் சமம் என்று 1965 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் பேசியிருந்தார்.

அதே ஆண்டில்தான் இந்திய அரசு லூப்பை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. ஆச்சியும் ஒரு முகாமில் போட்டுக்கொண்டாள். ஐந்து பிள்ளை பெற்றவள். வேண்டாம் என்று அவளுக்கே இருந்தது. பிறகு மாதக்கணக்கில் உதிரப்போக்கு. முகாம் போட்டவர்கள் திரும்பி வரவில்லை. "யாருட்டப் போயிச் சொல்ல?" என்பாள். ஜான்சனின் பேச்சிலிருந்து ஆச்சியின் உதிரத்துக்கு நேர்கோடு போட முடியாது, தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டில் நம் அரசுக்கே அவசரம் இருந்தது. அமெரிக்கா அதன் முதுகில் கை வைத்துத் தள்ளியது. இதே புகார்கள் நாடெங்கும் எழுந்து, சில ஆண்டுகளில் லூப் போடும் பெண்கள் குறைந்துபோனார்கள்.

1973இல் அமெரிக்க உதவிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. செனட்டர் சார்லஸ் பெர்சி கொண்டுவந்தது. உதவித் திட்டங்கள் பெண்களை நாட்டின் பொருளாதாரத்தில் இணைக்க வேண்டும் என்றது. நல்ல திருத்தம்தான், அமெரிக்கப் பெண்ணியவாதிகள் போராடி வாங்கியது. ஆனால் இணைப்பதாம்! நடவும் களையெடுப்பும் அதுவரை எந்தப் பொருளாதாரத்தில் இருந்தனவோ?

2025 ஜூலை 1 அன்று யு.எஸ்.எய்டு மூடப்பட்டபோது, "சந்தோஷப்படலாமா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். முடியவில்லை. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மருந்துக்கு வரிசையில் நின்ற பெண்களிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உதவியைச் சீர்திருத்துவது பற்றிய விவாதங்களில் எவ்வளவு தொகை, எந்த நாட்டுக்கு என்ற கணக்கு வந்துவிடுகிறது. தவறு நடந்தால் வாங்குகிறவள் யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் வருவதில்லை.

எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது சமையல் வேலையில் ஆதரவற்ற பெண்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. சம்பளம் சொற்பம். காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருமுறை தென்காசிக்குப் போன பேருந்திலிருந்து, ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால் அவர்கள் வெயிலில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்தாள்.

"எங்கம்மைக்கு இப்படிப் போயி உக்கார ஒரு வாசல் இல்லையே" என்றாள்.