தொண்டர் வளர்த்த விபரக்கொத்து

இன்று ஒருவர் இரண்டொரு சொற்களைப் பொறித்தவுடன் இணையத் தேடற்பொறி விடைகளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றது. 1990களின் நடுப்பகுதியில் நிலைமை வேறாக இருந்தது. அக்காலத்துத் தேடற்பொறிகள் சொல்லைக் கண்டனவேயன்றி, அச்சொல் நின்ற பக்கத்தின் தராதரத்தை அறியும் திறன் அவற்றுக்கு மிகக் குறைவு. ஆகையால், தளங்களை மனிதரே பார்வையிட்டு, பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி விளக்கமெழுதி வைத்த விபரக்கொத்துகளை மக்கள் பெரிதும் நாடினர். 1994இல் ஜெரி யாங், டேவிட் பைலோ என்னும் மாணவர் இருவர் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய யாகூ அவற்றுள் முதன்மை பெற்றிருந்தது.

யாகூவில் வேதனம் பெறும் ஊழியரே தளங்களைப் பரிசீலித்தனர். ஊழியர் தொகையோ அளவுக்குட்பட்டது. தளங்களின் தொகைக்கு அளவில்லை. புதிய தளங்கள் இடம்பெற நெடுங்காலம் காத்துக்கிடந்தன. மறைந்துபோன தளங்களின் முகவரிகள் நீக்கப்படாது கிடந்தன. இக்குறையைக் கண்ட றிச் ஸ்கிரென்ரா, பொப் துரூவெல் என்னும் பொறியியலாளர் இருவர், 1998 ஜூனில், ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டே ஒரு விபரக்கொத்தை ஆக்கத் துணிந்தனர். (இந்த ஸ்கிரென்ரா, 1982இல் பள்ளி மாணவனாக இருந்தபோது, கணினிக்குக் கணினி பரவும் நச்சு நிரல்களுள் மிக முந்திய ஒன்றை விளையாட்டாக எழுதியவர். குறும்புக்காரப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது.)

முதலில் க்னூஹூ எனவும், அப்பெயருக்கு ஆட்சேபம் எழவே நியூஹூ எனவும் வழங்கிய இம்முயற்சியை, அவ்வாண்டு ஒக்ரோபரில் நெற்ஸ்கேப் நிறுவனம் வாங்கித் திறந்த விபரக்கொத்துத் திட்டம் எனப் பெயரிட்டது. டிமோஸ் என்பது அதன் குறும்பெயர். அடுத்த ஆண்டில் நெற்ஸ்கேப் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் உடைமையாயிற்று. திட்டமும் உடன் சென்றது. 2000ஆம் ஆண்டளவில் அதன் பதிவுகள் பத்து இலட்சத்தைக் கடந்து, யாகூவையும் முந்தின. பின்னர் வாடிய ஒன்றுக்கு, வளர்ச்சி இத்துணை இலகுவாக அமைந்தமை வியப்புக்குரியதே.

தொண்டராக விரும்புபவர் ஒரு சிறு பிரிவைத் தெரிந்து விண்ணப்பிப்பார். அப்பிரிவிற் சேர்க்கத்தக்க சில தளங்களுக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதிக் காட்டவேண்டும். மூத்த பதிப்பாளர் அவற்றை நோக்கி அனுமதியளிப்பார். விளக்கங்களிற் புகழுரைக்கு இடமில்லை. ‘மிகச் சிறந்த’, ‘ஈடிணையற்ற’ போன்ற அடைகளை நீக்குவது பதிப்பாளரின் அன்றாட வேலைகளுள் ஒன்று. வகைப்படுத்தலும் எளிதன்று. யாழ்ப்பாணத்துச் சமையல் பற்றிய ஒரு தளம் இலங்கையின் கீழ் வருமா, சமையலின் கீழ் வருமா? பொருட்பிரிவு ஒருபுறமும் இடப்பிரிவு மறுபுறமும் கிளைத்து, அவற்றை இணைக்கும் குறுக்குவழிகளும் பெருகி, ஈற்றில் பிரிவுகள் மட்டுமே பத்து இலட்சத்துக்கு மேலாயின.

மெய்யான இடர் பராமரிப்பிலேதான் தோன்றியது. புதியதொன்றைக் கண்டு சேர்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. ஐந்தாண்டுக்கு முன் வேறொருவர் சேர்த்ததை மீளத் திறந்து, அது இன்னும் உளதா, விளக்கம் இன்னும் பொருந்துமா என்று பார்ப்பதில் அவ்வின்பம் இல்லை. ஊர் வாசிகசாலைக்குப் புத்தகம் சேர்க்கப் பலர் முன்வருவர். இரவற் பதிவேட்டைச் சரிபார்க்க எத்தனைபேர் வருவர்? அழிந்த முகவரிகளைக் கண்டுபிடிக்க றோபோசில்லா என்னும் நிரலொன்று அமர்த்தப்பட்டிருந்தது. ஆனால், காலாவதியான முகவரியைப் பிறரொருவர் வாங்கி அதிலே சூதாட்ட விளம்பரத்தை வைத்திருந்தால், இயந்திரத்துக்கு அது உயிருள்ள தளமாகவே தோன்றும். மனிதக் கண்தான் அதனை அறியும். அக்கண்ணுக்குரியவரோ தொழிலும் குடும்பமும் இழுக்க விலகிப் போயிருப்பார். அவர் விட்ட பிரிவு வெளியே நிறைவுடையதாகவே காட்சியளிக்கும். உள்ளே பரிசீலிக்கப்படாத விண்ணப்பங்கள் குவிந்துகொண்டேயிருக்கும்.

இந்நிலையிற் பணமும் வந்து புகுந்தது. 2000ஆம் ஆண்டில் கூகிள் இத்தொகுப்பை எடுத்துத் தன் விபரக்கொத்தாக வெளியிட்டது. அதனால் டிமோஸில் இடம்பெற்ற தளத்துக்குத் தேடலிலும் மதிப்பு உயரும் என்ற எண்ணம் வணிகரிடையே வேரூன்றியது. இடம் கிடையாதோர் பதிப்பாளர் கையூட்டுப் பெறுகின்றார், போட்டியாளரை வேண்டுமென்றே விலக்குகின்றார் எனக் குற்றஞ்சாட்டினர். தம் சொந்தத் தளங்களுக்குச் சலுகை காட்டலாகாது என்று விதி இருந்தது. அதனை மீறியோர் நீக்கப்பட்டதும் உண்டு. ஆயினும், நேர்மையாக உழைத்த பெரும்பாலோர் சிலரது இழுக்கையும் சேர்த்துச் சுமக்க நேர்ந்தது. அவர்கள் செய்த வேலை வெளியே தெரியவில்லை. செய்யாமல் விட்டதே தெரிந்தது. வேதனமின்றி உழைப்பவனிடம் சந்தேகத்தையும் ஏற்றுக்கொள் என்று கேட்பது சிறிய கேள்வியன்று.

2006 ஒக்ரோபர் 20ஆம் நாள் தலைமைக் கணினி பழுதுற்றது. டிசெம்பர் 18 வரை எந்தப் பதிப்பாளரும் தம் பிரிவைத் தொட முடியவில்லை; பொதுமக்களுக்குப் பழைய பிரதியே காட்டப்பட்டது. உழைப்பு ஆயிரக்கணக்கானோருடையது, இயந்திரமோ ஒரு நிறுவனத்தினுடையது என்பதை அந்த எட்டு வாரங்கள் எல்லோருக்கும் உணர்த்தின. இதற்குள் தேடற்பொறிகள் வெகுதூரம் முன்னேறிவிட்டன. 2011இல் கூகிள் தன் விபரக்கொத்தை மூடியது. 2014இன் முடிவில் யாகூவும் அவ்வாறே செய்தது.

டிமோஸ் 2017 மார்ச் 17இல் மூடப்பட்டது. அப்போது அதில் முப்பத்தெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் இருந்தன. 90,000க்கு மேற்பட்ட பதிப்பாளர் என்றும் கணக்குக் காட்டப்பட்டது. அது தொடக்கமுதல் வந்துபோனோர் அனைவரையும் கூட்டிய தொகை. இறுதிவரை நின்று உழைத்தோர் மிகச் சிலரே. தொகுப்பை எவரும் எடுத்தாளலாம் என்னும் அனுமதி ஆதியிலேயே வழங்கப்பட்டிருந்தமையால், மூடப்பட்ட பின்னும் அதன் பிரதி எஞ்சியது. அவ்வாறு எஞ்சி நின்ற பதிப்பாளர் சிலர் கேர்லி என்னும் புதுப்பெயரில் விபரக்கொத்தை மீண்டும் திறந்து, விட்ட இடத்திலிருந்து பரிசீலனையைத் தொடர்ந்தனர்.