பூதங்களின் பேரேடு

கொல்லிமலைக் குண்டூர் நாட்டில், நம் முன்னாள் மாணவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவ்வூர் மூதாட்டியர் பாடித் தந்த நடவுப் பாடல்களைத் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தோம். கணினி பழையது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருக்குக் கிடைத்தது. விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதிலிருந்தது. காலை முதல் எழுதியதைச் சேமிக்க மறந்திருந்தோம். திரை உறைந்துபோயிற்று. மின்விசையை அணைக்க நீண்ட நம் கையை மாணவர் தடுத்தார்.

"அணைச்சிராதீங்கய்யா. எது மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு மொதல்ல பாப்போம்."

எழுத்துகள் மட்டுமே தெரியும் கறுப்புத் திரைக்குப் போய் 'டாப்' என்று தட்டினார். ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் வரிசை கட்டின. நாம் ஏவாத நிரலொன்று, கோப்புகளுக்கெல்லாம் அகரவரிசை தயாரிப்பது, உச்சியில் நின்று கணினியை விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் எண்ணைக் குறித்து 'கில்' கட்டளை இட்டார். பாடல்கள் பிழைத்தன.

இந்தப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1973-இல் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸில் 'பி.எஸ்.' என்ற ஈரெழுத்துக் கட்டளை தோன்றியது. அதன் வேலைமுறை ஏறக்குறைய சுவரேறிக் குதிப்பதுதான். இயங்குதளக் கருவின் நினைவகத்தை நேரே திறந்து, அட்டவணை இருக்குமிடத்தைத் தேடிப் படிக்கும். அட்டவணையின் அமைப்பு மாறினால் பி.எஸ்.-ஐயும் திருத்தியாக வேண்டும். அந்நினைவகத்தைத் தொடச் சாதாரணப் பயனருக்கு உரிமையில்லை. ஆதலால் கட்டளைக்கே தனியுரிமை தந்து வைத்திருந்தனர். பார்ப்பது அன்று அதிகாரமாக இருந்தது.

1984-இல் இரண்டு நிகழ்ந்தன. வில்லியம் லெஃபீவர், வி.எம்.எஸ். இயங்குதளத்தில் கண்ட கண்காணிப்புக் கருவியின் தூண்டுதலால், நொடிக்கு நொடி புதுப்பிக்கும் 'டாப்' நிரலை எழுதினார். நம் கணிப்பில் அதைவிடப் பெரியது மற்றது. ஓடும் நிரல்களைக் கோப்புகளாகவே காட்டலாம் என்று பெல் ஆய்வகத்து டாம் கில்லியன் செய்துகாட்டினார். லினக்ஸில் அது வெற்றுரையாகவே கிடைக்கிறது. 'ப்ராக்' என்ற அடைவினுள் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் எண்ணே பெயராக ஓர் உள்ளடைவு. திறந்தால் பெயர், தந்தையின் எண், கொண்டுள்ள நினைவகம் எல்லாம் வாசிக்கக் கிடைக்கும். வேடிக்கை என்னவெனில், வட்டில் அப்படியொரு கோப்பே இல்லை. நாம் படிக்கும் கணத்தில் கரு எழுதித் தருகிறது. பாடும்போது மட்டும் இருக்கிற நடவுப் பாட்டும் அத்தகையதுதானே!

நாம் ஏவாமலே பின்னணியில் உழைக்கும் நிரல்களுக்கு 'டீமன்' என்று பெயர். 1963-இல் எம்.ஐ.டி.யில், மேக்ஸ்வெல்லின் இயற்பியற் பூதத்தை நினைத்து இட்டது. தமிழில் பூதம் என்றே சொல்லிவிடலாம். இம்மலையின் கொல்லிப்பாவையும் பூதம் சமைத்தது என்று நற்றிணைப் பாடலொன்று பேசுவது நினைவுக்கு வந்தது.

'கில்' என்ற பெயர் கொடியது. செயல் அவ்வளவு கொடியதன்று. எண் ஏதும் சேர்க்காவிடில் அது அனுப்புவது பதினைந்தாம் எண் குறிப்பு. 'முடித்துக்கொள்' என்ற வேண்டுகோள் அது. கோப்புகளை மூடிவிட்டுப் போக நிரலுக்கு அவகாசமுண்டு. ஒன்பதாம் எண்ணுக்கு அவகாசமில்லை. கருவே அறுத்துவிடும். மாணவர் முதலில் பதினைந்தைத்தான் இட்டார், அதுவே போதுமாயிருந்தது. ஒருவேளை நம் எழுதுநிரலின் எண்ணைத் தவறிக் குறித்து ஒன்பதையும் இட்டிருந்தால், ஒரு காலைப்பொழுதின் பாடல்கள் போயிருக்கும்.

சேமித்த பின், பட்டியலில் 'இசட்' குறியோடு நின்ற ஒன்றைச் சுட்டி, இதையும் முடித்துவிடலாமா என்று கேட்டோம்.

"அதைக் கொல்ல முடியாதுங்கய்யா. ஏற்கெனவே செத்ததுதான். அப்பன் நிரல் வந்து கணக்கு வாங்கிக்கிட்டாத்தான் பேரு போகும். அப்பனும் போயிட்டா, ஒண்ணாம் நம்பர் எடுத்துக்கும்."