சாம்பல் கிண்ணத்தின் கதை: ஏற்காட்டு பங்களா முதல் டாலியின் யானை வரை

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்கு, 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டு வந்தார். காபியைத் தொடர்ந்து ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் வந்தார்கள். அவர்களுக்காக பங்களாக்கள் எழுந்தன. அவற்றில் சில இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன.

இப்படிப்பட்ட பழைய வீடுகளை அலங்கரிப்பவர்கள் தேடிப்பிடித்து வாங்கும் பொருட்களில் கிராமபோன், சுவர்க்கடிகாரம், அரிக்கேன் விளக்கு ஆகியவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதுதான் ஆஷ்ட்ரே! சாம்பல் தட்டும் கிண்ணத்தைக் கூடவா காசு கொடுத்துச் சேர்ப்பார்கள் என்று கேட்கலாம். சேர்க்கிறார்கள். அந்தச் சின்னக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபார வரலாறே இருக்கிறது.

சுருட்டில் தொடங்கிய கதை

சிகரெட்டுக்கு முன்பே நம் ஊர் சுருட்டு உலகப் புகழ் பெற்றிருந்தது. திருச்சி சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து வரை போனது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலையாளி திருச்சி சுருட்டு பிடிப்பவன் என்பதை ஹோம்ஸ் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் தெரியுமா? தரையில் கிடந்த சாம்பலை வைத்து! அந்தக் கொலையாளிக்கு ஓர் ஆஷ்ட்ரே கிடைத்திருந்தால் கதையே மாறியிருக்குமோ என்னவோ.

ஆஷ்ட்ரேயை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது இயந்திரம்தான். 1881-ல் அமெரிக்கரான ஜேம்ஸ் பான்சாக் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் சுற்றிய காலம் போய், சிகரெட் மலிவாகக் குவிந்தது. சிகரெட் பெருகியதும் சாம்பலும் பெருகியது. கம்பெனிகள் தங்கள் பெயர் பொறித்த ஆஷ்ட்ரேக்களை ஓட்டல்களுக்கும் பார்களுக்கும் இலவசமாகக் கொடுத்தன. மேஜை மேல் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும் விளம்பரம் அது!

கலைஞர்களும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் 1924-ல் மரியானே பிராண்ட் வடிவமைத்த உலோக ஆஷ்ட்ரே, நவீன வடிவமைப்பு வரலாற்றில் இடம் பிடித்துவிட்டது. இந்தியாவில் பீதர் நகரத்துக் கைவினைஞர்கள் கறுப்பு உலோகத்தில் வெள்ளிக் கம்பி பதித்து ஆஷ்ட்ரே செய்தார்கள். ஹூக்கா செய்த அதே கைகள்தான். காலத்துக்கு ஏற்பச் சரக்கை மாற்றிக்கொண்டன.

ஆஷ்ட்ரேக்கு விலை ஒரு யானை

இந்திய ஆஷ்ட்ரேக்களில் மிகப் புகழ் பெற்றது ஏர் இந்தியாவுடையது. விமானத்தில் புகைபிடிப்பது சாதாரணமாக இருந்த காலம் அது. 1967-ல் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசளிக்க ஓர் ஆஷ்ட்ரே வடிவமைத்துத் தரும்படி, ஏர் இந்தியா ஸ்பெயின் நாட்டு ஓவியர் சல்வடார் டாலியைக் கேட்டது. அவரும் செய்து கொடுத்தார். வெள்ளைப் பீங்கானில் ஒரு சிப்பி, அதைச் சுற்றி ஒரு பாம்பு, கீழே தாங்கிகளாக யானைத் தலையும் அன்னமும். தலைகீழாகத் திருப்பினால் யானை அன்னமாகத் தெரியும், அன்னம் யானையாகத் தெரியும்!

இதற்கு டாலி கேட்ட கூலி பணம் அல்ல, ஒரு யானைக் குட்டி. வணிகவியல் பாடத்தின் முதல் பக்கத்தில் வரும் பண்டமாற்று முறை, ஜெட் விமான யுகத்தில் இப்படித் திரும்பி வந்தது. பெங்களூரில் இருந்து குட்டி விமானத்தில் ஜெனீவா போய், அங்கிருந்து சாலை வழியாக டாலி வாழ்ந்த கடாகேஸ் ஊரைச் சேர்ந்தது. ஊரே திருவிழாக் கோலம் பூண்டது. ஆனால் ஓவியர் வீட்டில் யானை எத்தனை நாள் இருக்க முடியும்? கடைசியில் அது வலென்சியா நகர மிருகக்காட்சி சாலைக்குப் போனது.

அந்த ஆஷ்ட்ரே இன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். கடல் தாண்டிப் போன ஒரு குட்டியின் வாழ்க்கை எந்த ஏலப் பட்டியலின் விலையிலும் சேருவதில்லை.

கிண்ணம் காலியான கதை

1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை, புகைபிடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று அடித்துச் சொன்னது. 1973 ஜூலையில் பாரிஸ் அருகே வாரிக் நிறுவன விமானத்தின் கழிவறையில் தீப்பிடித்து 123 பேர் இறந்தார்கள். குப்பைத் தொட்டியில் போட்ட சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. புகைபிடிக்கத் தடை உள்ள இன்றைய விமானங்களிலும் கழிவறையில் ஆஷ்ட்ரே கட்டாயம் இருப்பது இதனால்தான். தடையை மீறி ஒருவர் பற்ற வைத்தாலும், துண்டு குப்பைத் தொட்டிக்குப் போய்விடக் கூடாதல்லவா!

இந்தியாவில் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-ல் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று நடைமுறைக்கு வந்த விதிகள், பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதித்ததோடு, அங்கே ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைத்துத் தரக் கூடாது என்றும் சொல்லிவிட்டன. மேஜையில் ராஜாவாக உட்கார்ந்திருந்த பொருள் ஒரே நாளில் வேண்டாத பொருளானது. புதிதாகத் தேவைப்படாத பொருள்தானே பிறகு அபூர்வப் பொருளாகிறது?

வீட்டில் வைப்பதானால்

பழையது எல்லாம் தொல்பொருள் ஆகிவிடாது. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக 100 ஆண்டு கடந்தவைதான் தொல்பொருள். 1950, 60-களின் ஆஷ்ட்ரேக்கள் வெறும் பழம்பொருட்களே. கடைக்காரர் 'ஆன்டிக்' என்று சொல்லி விலையை ஏற்றினால் யோசிக்க வேண்டும்.

பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். பீதர் வேலைப்பாடு என்றால் புளி கூடவே கூடாது, கறுப்பு போய்விடும். லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். சாவி, நாணயம், மோதிரம், ஊதுபத்திச் சாம்பல், சின்னக் கள்ளிச் செடி என எதையும் வைக்கலாம். ஆனால் பழைய பீங்கானின் மேற்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மிட்டாய், முந்திரி மட்டும் வைக்கக் கூடாது. ஏற்காட்டு வீடு என்றால் வறுக்காத காபிக் கொட்டை நாலு போட்டு வைத்தாலே அழகுதான்.

இன்னொன்றும் முக்கியம். புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கம்பெனிப் பெயர் பொறித்த ஆஷ்ட்ரே எந்த விளம்பரத்துக்காகப் பிறந்தது என்பதை மறந்துவிட்டு அலமாரியில் வைத்தால், அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். வீட்டுக்கு வரும் குழந்தை "இது என்ன?" என்று கேட்டால், சுருட்டையும் யானையையும் 123 உயிர்களையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் அது அலங்காரம் மட்டுமல்ல, வரலாறும்கூட!